பெயர் மாற்றப்பட்டுள்ளது

நியூ ஜெர்சியில் ஐசலின் என்ற ஊரில் இருந்த வீட்டில் மதினி சமைக்கும்போதெல்லாம் அடுக்களையில் கடல் சத்தம் கேட்கும். ஃபிரிட்ஜின் தலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பார். அதிலிருந்து அலை வரும், காற்று வரும், எங்கோ ஒரு சேவல் கூவும், ஒரு குழந்தை இருமும். எல்லாவற்றுக்கும் நடுவே, எனக்கு ஒரு சொல்கூடப் புரியாத மொழியில் ஒரு பெண் பேசிக்கொண்டே இருப்பாள். மதினி கடுகு தாளித்துக்கொண்டிருப்பார்; சட்டென்று ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் தட்டி அந்தப் பேச்சைப் பின்னுக்கு ஓட்டுவார். அதே வாக்கியம் மறுபடி வரும். மறுபடி தட்டுவார். அதற்குள் கடுகு கருகிவிடும். அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வீட்டின் சின்ன அறையில் நான் தங்கியிருந்தேன். கருகிய கடுகு வாசம் வந்தால், மதினிக்கு ஏதோ முக்கியமான வாக்கியம் அகப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். கடலையே கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகப் பார்த்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணமாகி அண்ணனோடு நியூ ஜெர்சிக்கு வந்தவர், வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டாமல் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். கடலும் மணலும் ஒரு தீவு நாட்டின் மனிதர்களை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. எங்கள் உறவுக்காரர்கள் யாருக்கும் அது விளங்கவில்லை. ஊர் உலகமெல்லாம் தேனிலவுக்குப் போகிற இடத்துக்கு இவள் மட்டும் புருஷனை விட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாகப் போகிறாளே என்று என் சித்தி வாய்விட்டே கேட்டாள். அம்மா வீடியோ காலில் இன்னும் ஒருபடி மேலே போனாள்.

"ஏ தாயி, கடல்ல உப்பு இருக்கான்னு பாக்கவா அம்புட்டுத் தூரம் போற?"

"உப்பு இருக்கு அத்தை. மணல்தான் இல்ல," என்றார் மதினி.

அம்மா அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். மதினி உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கும் ஒரு நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தீவில் மதினி பல மாதங்கள் தங்கியிருந்தார். அந்தத் தீவுக்கு எதிரே சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு விடுதித் தீவு உருவாகிக்கொண்டிருந்தது. விடுதிக்கு வெள்ளை வெளேரென்று கடற்கரை வேண்டுமே! அதற்கு ஒரு கப்பல், நடுவில் இருந்த ஆழமில்லாத கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கொட்டியது. கடல் யாருக்கும் கடன் வைப்பதில்லை. இங்கே எடுத்த மணலுக்கு ஈடாக, அங்கே மக்கள் குடியிருந்த கரையைக் கரைத்துத் தின்ன ஆரம்பித்தது.

அந்தத் தீவில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. தீவுத் தலைவர் பார்த்து ஒதுக்கித் தந்தால் வீடு. அவருக்கு மனம் மாறினால் அதுவும் இல்லை. இதைச் சொல்லாமல் அங்கே எதையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பார் மதினி. அலைக்குப் பயப்படுகிற அளவுக்குத் தலைவருக்கும் பயப்படுகிற ஊர் அது.

அடுக்களையில் ஓடிய பதிவுகளில் நான் கேட்ட குரலுக்கு உரிய பெண், அந்தக் கரையோரத்தில் மீனைப் புகை போட்டு உலர்த்தி விற்றுப் பிழைத்தவர். மதினி அவரை 'அந்த அக்கா' என்றுதான் சொல்வார். அவருடைய அடுப்பு வீட்டுக்கு வெளியே, கடலைப் பார்த்து இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அலை அடுப்புவரை வந்து தீயை அணைத்தது. அக்கா சில அடி பின்னால் வந்து புதுக் கல் வைத்து அடுப்புக் கூட்டினார். பழைய கற்களை எடுக்கவில்லை. அடுத்த மழைக்கு அலை அதையும் தொட்டது. மறுபடி பின்னால் வந்தார். இப்படியே கரி படிந்த அடுப்புகள் வரிசையாகக் கடலை நோக்கிக் கிடந்தன. முதன்முதலில் வைத்த அடுப்பு, கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். வீட்டின் பின்சுவரில் அக்காவின் முதுகு முட்டும்வரை அடுப்பு நடந்து வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அடுப்பு என்று எழுதியிருப்பது அடுப்பு அல்ல. அது வேறொரு பொருள். மீன் என்பதும் அப்படித்தான். இதை எழுதட்டுமா என்று மதினியிடம் கேட்டபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை அது. ஏன் அப்படி ஒரு நிபந்தனை என்பதுதான் இந்தக் கதையே.

அக்கா மதினியிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அனுமதித்த எல்லையைத் தாண்டி, குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கப்பல் வந்து மணல் எடுக்கிறது, அது தலைவருக்குத் தெரியும், தெரிந்துதான் நடக்கிறது. இதை அக்காவுக்குச் சொன்னது, அந்தக் கப்பலிலேயே வேலை பார்த்த அவருடைய மகன். ஆக, ஒரு வாக்கியத்துக்குள் ஒரு வீடும் ஒரு பிழைப்பும் இருந்தன. ஆராய்ச்சியில் பேசியவர் யார் என்று வெளியே தெரியாது என்று மதினி வாக்குக் கொடுத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் விதியும் அதுதான். எனவே அக்காவின் பெயரை மாற்றினார். தீவின் பெயரை மாற்றினார். வயதை மாற்றினார், மகனைத் தம்பி மகனாக்கினார். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அடுப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே அது இருந்தது. எழுதுகிறவர்களுக்கு நல்ல விஷயம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதைக் கீழே வைக்க மனம் வராது போலிருக்கிறது.

கட்டுரை வெளிவந்த அன்று வீட்டில் கேசரி. துறையில் மதிப்புள்ள இதழ் அது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அண்ணன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஒரு மாமா அடுத்த நொடியே கும்பிடு போட்டு, 'அருமை, முழுவதும் படித்தேன்' என்று எழுதினார். மதினி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் வெகுகாலம் கேட்கவில்லை.

ஏனென்றால் அதே பருவத்தில் அண்ணனுக்கு வேலை போனது. அமெரிக்காவில் விசாவில் இருப்பவனுக்கு வேலை போவதென்றால் சம்பளம் மட்டும் போவதில்லை. குறிப்பிட்ட கெடுவுக்குள் இன்னொரு வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அண்ணனின் கிரீன் கார்டு வரிசையோ அனுமார் வால். அப்போதுதான் டெக்சாஸிலிருந்த ஒரு வக்கீல் வழி சொன்னார். மதினி தன் ஆராய்ச்சியைக் காட்டித் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அந்த வரிசை சின்னது. விண்ணப்பம் உள்ளே போய்விட்டால் குடும்பம் இங்கேயே இருந்துகொண்டு முடிவுக்குக் காத்திருக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் ஆதாரம் அந்தக் கட்டுரைதான். "அந்த பேப்பர்தான் நம்ம கேஸுக்கு முதுகெலும்பு," என்று ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் முகத்தில் வேலை போன பிறகு முதல்முறையாக ரத்தம் ஊறியது.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை. ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் நானும் மதினியும் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மதினிக்குப் போன் வந்தது. அழைத்தவர் அந்தத் தீவு நாட்டிலிருந்து வந்து, எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். மதினி அந்த மொழியைப் பேசிப் பழகியதே அவரோடுதான். நல்ல மனிதர். கட்டுரையை அப்போதுதான் படித்திருக்கிறார். சந்தோஷம் தாங்காமல் அழைத்திருக்கிறார். மதினியும் சிரித்த முகமாகத்தான் பேச்சை ஆரம்பித்தார். பிறகு கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டைக் கார்க் கூரையின் மேல் வைத்தார். பிறகு காரில் சாய்ந்தார்.

அந்த அடுப்பு வீட்டம்மா எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டிருக்கிறார். எந்த அம்மா என்று மதினி தெரியாததுபோலக் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, பெயரைச் சொல்லியிருக்கிறார். உண்மையான பெயரை. பக்கத்துத் தீவுக்காரர் அவர். படகு கரை சேரும் முன்பே அந்த அடுப்புகள் கண்ணில் படுமாம். அந்தப் பக்கத்தில் அதைத் தெரியாதவர் யாருமே கிடையாதாம். எங்கள் ஊர்ப் பெண்மணியைப் பற்றி அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள் என்று ஊர்க்காரர்களின் குழுவில் போடப்போகிறேன் என்றாராம். தயவுசெய்து போடாதீர்கள் என்று மதினி கெஞ்சினார். அவருக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார்.

போனை வைத்துவிட்டு மதினி ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

"ஆளு தெரிஞ்சுபோச்சு, ஏட்டி," என்றார் என்னிடம்.

"அவர்தான் போட மாட்டேன்னுட்டாரே மதினி."

"இவருக்குத் தெரியுதுன்னா எல்லாருக்கும் தெரியும். தலைவரோட மகன் லண்டன்ல படிச்சவன். இங்கிலீஷ்ல அவங்க ஊரைப் பத்தி எது வந்தாலும் படிப்பான்." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே, "அவங்க பேரை மட்டும் மறைச்சுட்டு ஆளை நடுவீதியில நிப்பாட்டிட்டேன்," என்றார். கார்க் கூரையில் இருந்த கொத்தமல்லி வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அன்று தொடங்கியது அந்த வீட்டில் ஒரு இறுக்கம். யாராவது தட்டைக் கொஞ்சம் பலமாக வைத்தால்கூட எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம். மதினி கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அண்ணன் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, முதலில் பொறுமையாகத்தான் பேசினான்.

"பேர மாத்திட்ட. ஊர மாத்திட்ட. மகனத் தம்பி மகனாக்கிட்ட. இன்னும் என்னதான் மாத்தணும்?"

"அடுப்ப மாத்தலையே."

"அந்தத் தலைவரு வேலை வெட்டி இல்லாம உக்காந்து உன் பேப்பரப் படிக்கப் போறாரா? நானே முழுசாப் படிக்கல!"

"நீங்க படிச்சாலும் படிக்கலன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவங்க படிச்சா, அக்காவுக்கு வீடு போயிரும்."

"நம்ம வீடு?" என்றான் அண்ணன்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு கொடுமையாக இருந்தது. நான் மனசுக்குள் அண்ணன் கட்சிதான். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக, இங்கே கண் முன்னால் இருக்கிற பிள்ளையின் பள்ளிக்கூடத்தைக் கெடுத்துக்கொள்வதா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பிள்ளைக்கு, என் அண்ணன் மகளுக்கு, தமிழில் பேசுவதெல்லாம் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், இறங்கி வந்து, நாம் எப்போது இந்தியாவுக்குக் கிளம்புகிறோம், என் தோழியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டாள். மதினி அவளை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார்; அவள் மடியில் உட்காருகிற வயதைத் தாண்டியிருந்தாள்.

"சரி, ஒண்ணு பண்ணு," என்றான் அண்ணன் கடைசியில். "அந்தம்மாட்டயே கேட்டுரு. அவங்க பரவால்லன்னா பரவால்ல. கூடாதுன்னா கூடாது. நான் வாயே தொறக்கல."

"எப்படிக் கேக்க? அவங்ககிட்ட போன் கிடையாது. மகன் போனுக்குத்தான் பண்ணணும். அவன் கப்பல்ல அத்தனை பேருக்கு நடுவுல இருப்பான். அமெரிக்காவுல இருந்து நான் பேசினேன்னு தெரிஞ்சாலே போதும், அவ்வளவுதான்."

அது உண்மைதான் என்று அண்ணனுக்கும் தெரிந்தது. எழுந்து போய்விட்டான்.

இதழின் ஆசிரியருக்கு மதினி எழுதினார். அடுப்பையும், அந்த ஒரு வாக்கியத்தையும் மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. வெளிவந்த கட்டுரையில் ஒரு எழுத்தை நீக்கினாலும் எதை நீக்கினோம் என்று அறிவிப்புப் போட வேண்டும். அறிவிப்புப் போட்டால், எதை மறைக்க நினைத்தோமோ அதற்கு நாமே டார்ச் அடித்துக் காட்டிய மாதிரி. மீதி ஒரே வழி, முழுக் கட்டுரையையும் திரும்பப் பெறுவது. அதற்கும் அறிவிப்பு உண்டு. ஆனால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

மதினியின் வழிகாட்டிப் பேராசிரியைக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவர் நல்லவர், மதினிக்காகப் பயந்தார். பேசியவரின் பாதுகாப்புக் கருதித் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரியாவது போடு, காரணமே இல்லாமல் திரும்பப் பெற்றால் நீ ஏதோ பொய்த் தகவல் எழுதி மாட்டிக்கொண்டாய் என்றுதான் உலகம் நினைக்கும், வேறு எந்தக் கதவும் உனக்குத் திறக்காது என்றாராம். மதினி அதையும் மறுத்துவிட்டார். பாதுகாப்பு என்ற சொல் வந்தாலே, அங்கே யார் வாயைத் திறந்தது என்று தீவில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பொய் சொன்னது நான் என்று நினைத்தால் அவர்களை யாரும் தேட மாட்டார்கள் என்றார். இதை அவர் எங்களிடம் சொன்னபோது அவர் குரலில் தியாகம் கியாகம் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விடை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

ஒரு பகல் வேளையில், பிள்ளை பள்ளிக்குப் போயிருந்தபோது, அதே அடுக்களையில் நின்றுகொண்டே அந்த மின்னஞ்சலை அனுப்பினார். அனுப்பிவிட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னார். அண்ணன் வழக்கமாகக் கோபம் வந்தால் வீடு அதிரக் கத்துகிறவன். அன்று கத்தவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டு, விண்ணப்பம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வேலை தேடும் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தான். அதற்கப்புறமும் அவன் கத்தவே இல்லை. கத்தித் தொலைத்தால் தேவலை என்று நாங்கள் நினைக்கும் அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது.

கெடு முடியப் போகிற நேரத்தில் அண்ணனுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. முன்பைவிடச் சின்ன வேலை. கிரீன் கார்டு வரிசையில் பழைய இடத்திலேயே நின்றார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். நான் வேலை மாறி மேற்குக் கரையிலிருக்கும் சன்னிவேலுக்கு வந்துவிட்டேன். மதினிக்குப் பல்கலைக்கழகங்களில் வேலை கிடைக்கவில்லை. நேர்காணல்வரை போவார், யாராவது அந்த அறிவிப்பைப் பற்றிக் கேட்பார்கள், சொந்தக் காரணம் என்பார், அதோடு முடிந்துவிடும். இப்போது எந்தத் தெருவில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று வரைபடம் போடும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறார்.

ஒருமுறை அங்கே எல் கமினோ ரியல் சாலையில் ஒரு ஓட்டலில் தோசைக்குக் காத்திருந்தபோது, ஐசலினில் எங்களைத் தெரிந்த, பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் என்னை அடையாளம் கண்டு, "உங்க மதினி எப்படி இருக்காங்க? ஏதோ டேட்டால பிரச்சினைன்னு பேசிக்கிட்டாங்களே, பாவம்," என்றார். அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்கு அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மதினிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். நல்லா இருக்காங்க ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, வந்த தோசையை அப்படியே பொட்டலம் கட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல், அங்கே அக்காவின் வீடு பத்திரமாக இருக்கிறது என்பதுதான். அதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. விசாரித்தாலே ஆள் தெரிந்துவிடும். இருக்கும் என்று நம்பினோம்.

இந்தக் குளிர்கால விடுமுறைக்கு நான் ஹூஸ்டன் போயிருந்தேன். காலைச் சாப்பாடு முடிந்து மதினி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. திரையில் அந்த நாட்டின் எண். கை முழுக்க மாவு. ஸ்பீக்கரில் போடு என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். மறுமுனையில் பேசிய குரலைக் கேட்டதும் எனக்கே யாரென்று தெரிந்துவிட்டது. மதினி மாவுக் கையோடு அப்படியே நின்றார்.

அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். எனக்கு மொழி புரியாது. ஆனால் யார் யாரைக் கேள்வி கேட்கிறார்கள் என்பது புரிந்தது. மதினி கேட்கவே இல்லை. பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் வரவர ஒற்றைச் சொல்லாக. நடுவில் அண்ணன் உள்ளே வந்து, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்று கையை விரித்தேன். போனை வைத்த பிறகு மதினி நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

மருந்துக் கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தபோது அக்காவைப் பார்த்திருக்கிறார். அவர்தான் மதினியின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். கட்டுரை எழுதியதையும், பிறகு அது காணாமல் போனதையும் சொல்லியிருக்கிறார். அக்கா இப்போது தலைநகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில், அரசாங்கம் கொடுத்த அறையில் இருக்கிறார். வீடு இல்லை. தலைவர் எடுக்கவில்லை, கடல் எடுத்துக்கொண்டது. ஒரே மழைக்காலத்தில் அந்த வரிசை வீடுகள் எல்லாமே போய்விட்டன. மகன் கப்பல் வேலையை மதினி தீவிலிருந்து அமெரிக்கா திரும்பிய வருடமே விட்டுவிட்டானாம். கரையைத் தின்கிற வேலையில் இருந்துகொண்டு அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று விட்டானாம்.

"ஏன் அழிச்சேன்னு கேட்டாங்க," என்றார் மதினி. "உங்களுக்கு ஆபத்து வந்துரக் கூடாதுன்னு பயந்தேன்னேன். 'எனக்குப் பயம்னு உன்கிட்ட யாரு சொன்னா?'ன்னாங்க. 'தலைவர் வந்திருந்தா வாசல்ல நின்னு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கடல் வந்தப்போ நான் யார்கிட்டப் போய்ப் பேச? நீ எழுதினது இருந்திருந்தா, அதைக் காட்டியாவது கப்பலை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருப்போமே'ன்னாங்க."

அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றான். அன்றைக்கு அவ்வளவு எதிர்த்தவன், "நீ நல்லதுதான நெனச்ச. அவங்களுக்கு அங்க என்ன ஆகியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

"இல்ல," என்றார் மதினி. "முதல் நாளே சொன்னாங்க, என் பேரைப் போட்டே எழுதுன்னு. நான்தான் எங்க யூனிவர்சிட்டில விடமாட்டாங்கன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

இதை அவர் இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்காக நாங்கள் அவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்கு மதினி மேல் கோபம் வந்தது. அதே நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மாவை எடுத்து மூடி வைத்தேன்.

மதினி எழுந்து கையைக் கழுவினார். நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதே எண்ணுக்குத் திரும்ப அழைத்தார். இந்த முறை ஸ்பீக்கரில் போட மாட்டார் என்று நினைத்தேன், அவரே போட்டார். ஒரு கேள்விதான் கேட்டார். பிறகு அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னது. அக்காவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், வீட்டின் பெயர், தீவின் பெயர். அதை நான் இங்கே எழுதவில்லை; அதை முதலில் எழுத வேண்டியவர் மதினி. எழுதத் தொடங்கியிருக்கிறார், அது வரட்டும். மதினி அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். உச்சரிப்பு சரியில்லை போலிருக்கிறது, மறுமுனையில் திருத்தினார்கள். மறுபடி சொன்னார். மறுபடி திருத்தினார்கள். மதினி சரியாகச் சொல்லும்வரை அந்த அக்கா போனை வைக்கவில்லை.